மருந்தை வீடு வரைக்கும் கொண்டுபோனவர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

உயர்தரம் முடித்த பிள்ளைகள் இப்போது "கிளினிக்கல் ரிசர்ச்" பாடநெறி விளம்பரங்களைக் கொண்டுவந்து காட்டி, "சேர், இது என்ன வேலை? டொக்டர்மார் செய்வதுதானே?" என்று கேட்கிறார்கள். மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும்தான் நம் மனக்கண்ணில் வருகின்றன. அந்த ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும், யார் யார் வேண்டும், யார் யாருடைய வீட்டுக்குப் போகவேண்டும் என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் தோட்டங்களிலேயே நடந்தது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த என்.எம்.பெரேராவுக்கு "பருப்பு மாத்தையா" என்றொரு பட்டப்பெயர் இருந்தது. மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது 1934-35 மலேரியா காலத்தில் வந்த பெயர். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. சில மாதங்களுக்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ 15 லட்சம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள், 80,000 பேரளவில் இறந்தார்கள். அதிகம் அடிபட்டவை கேகாலையும் குருநாகலும். கொய்னா என்ற மருந்து அப்போதே இருந்தது. குறைவாக இருந்தவை, அதைக் கிராமத்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோகும் கால்களும், மருந்தோடு வயிற்றில் போட ஏதாவது சாப்பாடும். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ருவன்வெல்லைப் பக்கம் மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார்கள். 1936 தேர்தலில் ருவன்வெல்லை மக்கள் என்.எம்.பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

இது நிவாரண வேலை, ஆய்வு அல்ல. ஆனாலும் "மருந்து இருக்கிறது, கொண்டுபோக ஆள் இல்லை" என்ற சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விலும் அதே சிக்கல்தான் வருகிறது.

அதற்கும் சுமார் இருபது வருடங்களுக்கு முன்னால், நம் மலையகத் தோட்டங்கள் ஒரு பெரிய மருத்துவ வேலைக்குக் களமாக இருந்தன. கொக்கிப்புழு. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்து சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் சிகிச்சையைத் தொடங்கியது. சோதித்த தோட்டத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வயிற்றில் அந்தப் புழு இருந்தது. புழு இரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளிறிப்போவார், மூச்சு வாங்கும், கொழுந்துக் கூடை நிரம்பாது. தோட்ட முதலாளிமார் இதில் அக்கறை காட்டியதற்குக் காரணம் அந்தக் கடைசிச் சொல்தான் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டம் என்பது ஆய்வுக்காரருக்கு மிக வசதியான இடம். ஆட்கள் லயத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். யார் எந்த வீட்டில் என்று செக்ரோலில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். துரை ஒரு சொல் சொன்னால் கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்திவிடுவார். ஆகவே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியது ஒரு வைத்தியர், நுண்ணோக்கியில் மலத்தைப் பார்க்கும் சிலர், மருந்து கொடுக்கும் சிலர், அவ்வளவுதான். மிச்ச வேலைக்கான ஆட்களைத் தோட்ட நிர்வாகமே வைத்திருந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை லயத்தில் இருந்தவருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பேதிக்குக் குடித்து, வெறும் வயிற்றில் செனோப்போடியம் எண்ணெய் விழுங்கி, அன்றைய வேலையையும் விட வேண்டும். அந்த எண்ணெய் அளவு மீறினால் நஞ்சு.

பிறகு 1921 இல், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மொரிஸ் ஹோல் என்ற மிருக வைத்தியர் கார்பன் டெட்ராகுளோரைட் கொக்கிப்புழுவைக் கொல்லும் என்று கண்டார். தானே ஒரு தடவை விழுங்கியும் பார்த்தார். அந்தப் புது மருந்தை மனிதரில் சோதித்த முதல் இடங்களில் ஒன்று இலங்கை. மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அதைக் கொடுத்து, தண்டனை நிறைவேற்றிய பிறகு அவர்களின் ஈரலைப் பரிசோதித்தார்கள். 1922 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அது கட்டுரையாக வந்தது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அந்தக் காலத்தில் அது வெட்கப்பட வேண்டிய விஷயமாக யாருக்கும் தெரியவில்லை. கைதியும் கூலியும் கிடைத்த இடத்தில் ஆய்வுக்கு ஆள் தேடத் தேவையிருக்கவில்லை.

சரி, தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிந்ததா? மருந்து குடித்தவருக்குப் புழு விழுந்தது. சில மாதங்களில் திரும்ப வந்தது. லயங்களுக்கு மலசலகூடம் இல்லை, மக்கள் வெறுங்காலோடு அதே மண்ணில்தான் நடந்தார்கள். புழுவின் குஞ்சு பாதத்துத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே வரும். ரொக்பெல்லர் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும், மலசலகூடம் கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தோட்ட நிர்வாகங்கள் செலவைக் காட்டி இழுத்தடித்தன. மருந்துக்கும் எண்ணிக்கைக்கும் திட்டம் இருந்தது. மருந்து குடித்தவர் அடுத்த மாதம் எப்படி இருக்கிறார், எங்கே போய்க் குந்துகிறார் என்று லயத்துக்கு வந்து பார்க்க நிரந்தரமான ஆள் இல்லை. இந்த அனுபவத்தின் பிறகே 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று நம் ஊரில் நாம் பார்க்கிற எம்.ஓ.எச். அலுவலகம், பி.எச்.ஐ., மிட்வைஃப் என்ற அமைப்பெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை. அது நடந்தது நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த கரையில், மெட்ராஸில்.

1950களில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. 1947-48 இல் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த பிரித்தானிய ஆய்வு இன்று மருத்துவ மாணவர் எல்லோரும் படிக்கும் ஒன்று. போர் முடிந்த பிரித்தானியாவிடம் டொலர் இல்லை, அமெரிக்காவிலிருந்து கிடைத்த மருந்து கொஞ்சம்தான். எல்லோருக்கும் கொடுக்கப் போதாது. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்போம், அதையே ஒரு நேர்மையான ஒப்பீடாகவும் ஆக்குவோம் என்றார்கள். 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். நவீன மருத்துவ ஆய்வின் மாதிரி வடிவம் பற்றாக்குறையில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி.

இந்தியாவின் பற்றாக்குறை வேறு மாதிரி. மருந்தை வாங்கிவிடலாம், படுக்கைக்கு எங்கே போவது? காசநோய் என்றால் சனடோரியம், நல்ல காற்று, பால், முட்டை, ஒரு வருட ஓய்வு என்பதுதான் அப்போதைய வைத்தியம். நோயாளிகளோ லட்சக்கணக்கில். அத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால் கேள்வி இப்படி எழுந்தது: நெரிசலான ஒரு குடிசையில், சரியான சாப்பாடு இல்லாமல் இருக்கிற நோயாளிக்கு அங்கேயே மருந்து கொடுத்தால் குணமாவாரா? வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றாதா?

இதைக் கண்டறிய 1956 இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த வேலை. ஐந்து வருடத்துக்கு என்று ஆரம்பித்தது. பொறுப்பாக வந்தவர் வொலஸ் பொக்ஸ் என்ற பிரித்தானிய டொக்டர். அந்தத் தற்காலிக நிலையம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் சனடோரியத்துக்கு, பாதிப்பேர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். 193 என்றால் சின்ன எண்தானே என்று தோன்றும். நான் வகுப்பில் கணக்குப் பாடம் எடுப்பதுபோல ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

வீட்டில் இருந்தவர்கள் 96 பேர் என்று வைத்துக்கொள்வோம். மருந்தை வாரத்துக்கு ஒரு தடவை வந்து வாங்க வேண்டும். 96 ஐ 52 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5,000 தடவை ஒருவர் மருந்து எண்ணிக் கொடுத்து எழுதிவைக்க வேண்டும். வராதவரைத் தேடிப் போக ஒருவர். 193 பேரிடமும் மாதம் ஒரு சளி மாதிரி என்று குறைவாக வைத்தாலும் வருடத்துக்கு 2,300 க்கு மேல். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது, ஒரு மாதிரியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல ஆறு எட்டு வாரம் போகும். ஆய்வுகூடத்தில் எப்போதும் ஆயிரக்கணக்கில் போத்தல்கள் காத்திருக்கும். எக்ஸ்ரே படம் எடுப்பவர், அடுக்கிவைப்பவர். படத்தைப் பார்ப்பவருக்கு இது வீட்டு நோயாளியா சனடோரிய நோயாளியா என்று தெரியக்கூடாது, தெரிந்தால் மனம் சாயும். அதை மறைத்துக் கொடுக்க ஒருவர். வீட்டிலுள்ள தாய், பிள்ளை, கொழுந்தன் என்று நூற்றுக்கணக்கான குடும்பத்தாரையும் சோதிக்க வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்கு.

இன்னொன்று. 193 பேரும் ஒரே நாளில் வந்து சேரமாட்டார்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். முதலில் வந்தவர் எட்டாவது மாதத்தில் இருக்கும்போது கடைசியாக வந்தவர் முதல் வாரத்தில் இருப்பார். ஆகவே தொடக்கத்தில் ஆட்கள் சும்மா இருப்பதுபோலத் தெரியும். நடுவில் எல்லா வேலையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும். தொடக்கத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் நடுவில் ஆய்வு குலைந்துவிடும். பாடசாலையில் தவணைப் பரீட்சையும் விளையாட்டுப் போட்டியும் ஒரே கிழமையில் வந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஆய்வின் முதுகெலும்பு என்று நான் நினைப்பது ஹெல்த் விசிட்டர்களை. இவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் மாதிரி வாங்குவார்கள். அதில் ஒரு இரசாயனத்தைச் சேர்த்தால், பாஸ் விழுங்கியிருந்தால் நிறம் மாறும். இது நோயாளியை அவமதிக்கிற வேலை மாதிரித் தெரியலாம். ஆனால் பாஸ் நாளுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைக் கலக்கும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அதற்குப் பிறகும் பத்து மாதம் அந்த மருந்தை யார் ஒழுங்காகக் குடிப்பார்? நம் ஊரில் ஏழு நாளைக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக்கை மூன்றாம் நாள் அலுமாரிக்குள் வைக்கிறவர்கள்தானே நாமெல்லாம். ரமழானில் மருந்து நேரத்தைத் தாமாகவே மாற்றிக்கொண்டு, கிளினிக்கிலும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று மார்க்கம் தெளிவாகச் சொல்லியிருந்தும் இப்படி. அதைக் கண்டிக்கிற குரலில் கேட்டால் பதில் வராது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் கேட்டால் வரும். அந்தப் பேச்சுத் திறமைதான் அங்கே நியமனம் பெற்றவரின் தகுதி.

பொக்ஸ் 1958 இலேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள பிரச்சினை என்பதே அதன் பொருள். படித்தவர், படிக்காதவர், ஏழை, பணக்காரர் என்று இதில் பேதம் இல்லை. மனிதர் என்றால் மருந்தைத் தவறவிடுவார். அதற்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

முடிவு 1959 இல் வெளிவந்தது. எந்தத் தனி டொக்டரின் பெயரிலும் அல்ல, நிலையத்தின் பெயரில். ஒரு வருட முடிவில் சனடோரியத்தில் 92 வீதத்தினருக்கும் வீட்டில் 86 வீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சனடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு நெருக்கம். ஐந்து வருடம் பின்தொடர்ந்த பிறகும் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கும், நோயாளி கூடவே இருந்ததால் மேலதிகமாகத் தொற்றவில்லை. ஏனென்றால் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது, தொடங்கிய பிறகு தொற்று விரைவாகக் குறைகிறது. உலகம் முழுவதும் சனடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த முடிவு பெரிய காரணம். தாயைப் பிள்ளைகளிடமிருந்து ஒரு வருடம் பிரித்துவைக்கத் தேவையில்லை என்பதை நிரூபித்த ஆய்வு அது.

இங்கே வரைக்கும் இது மகிழ்ச்சியான கதை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

1962 இல் இந்தியா தேசிய காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் வைத்தே சிகிச்சை என்ற முடிவை அது மெட்ராஸிலிருந்து எடுத்துக்கொண்டது. சரியான முடிவுதான். ஆனால் அந்த முடிவைத் தந்த ஆட்பட்டியலை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பெரிய நாட்டுக்கு அது இலகுவும் இல்லை. மருந்தைக் கொடுத்து, "மாதம் ஒரு தடவை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திண்ணைக்கு வந்து உட்கார ஆள் இல்லை. 1992 இல் திட்டத்தை மீளாய்வு செய்தபோது சிகிச்சையை முடித்தவர்கள் பாதிப்பேர் கூட இல்லை. அரைகுறையாக மருந்து குடித்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். "வீட்டிலேயே குணமாகும்" என்று மெட்ராஸ் சொல்லவில்லை. "இத்தனை பேர் இப்படிப் போய்வந்தால் வீட்டிலேயே குணமாகும்" என்றுதான் சொன்னது. வாக்கியத்தின் முன்பாதி விட்டுப்போயிற்று.

மெட்ராஸ் நிலையத்தார் 1960களிலேயே இதற்கு ஒரு வழியையும் பார்த்திருந்தார்கள். தினமும் வீட்டில் குடிப்பதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்கில் ஒருவரின் கண்முன்னால் மருந்து எடுப்பது. 1964 இல் வெளியான ஆய்வில், தினமும் வீட்டில் எடுத்தவர்களை விட இவர்கள் பின்தங்கவில்லை. ஆள் பலம் குறைந்த இடத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அது பதில். 1990களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய டொட்ஸ் முறையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. இன்று நம் நாட்டில் காசநோயாளிக்கு இலவசமாக ஆறு மாத மருந்து கொடுத்து, ஒரு சுகாதார ஊழியரோ பொறுப்பான இன்னொருவரோ பார்த்திருக்க விழுங்கச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் பரம்பரை இதுதான்.

நம் பகுதியில் இந்த நோயை இன்னும் மறைக்கிறார்கள். கல்யாணப் பேச்சு நின்றுவிடும், லயத்தில் பக்கத்து வீட்டார் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள் என்ற பயம். அதனால் பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அவர் உளவு பார்க்க வரவில்லை. சிகிச்சை தொடங்கிச் சில கிழமைகளில் பெரும்பாலானவர்களிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிகவும் குறைந்துவிடும், மருந்தை இடையில் விட்டால்தான் ஆபத்து. அவர் வருவது அதற்காக.

பாடநெறி விளம்பரம் காட்டிய பிள்ளைகளுக்கு என் பதில்: டொக்டராகாவிட்டாலும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது. ஆய்வு ஒருங்கிணைப்பாளர், கள உத்தியோகத்தர், ஆய்வுகூட உதவியாளர், தரவு பதிபவர், நோயாளியிடம் அவர் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்குபவர். கடைசி வேலையை மட்டும் யோசியுங்கள். தமிழும் சிங்களமும் லயத்துப் பேச்சும் தெரிந்த ஒரு பிள்ளையை விட அதை நன்றாகச் செய்யக்கூடியவர் யார்? 1916 இல் அந்த இடத்தில் கங்காணி நின்றார். ஆனால் பாடநெறிக்குப் பணம் கட்டுமுன் சான்றிதழை யார் தருகிறார்கள், எந்த இடம் அதை ஏற்கும் என்று விசாரியுங்கள். விளம்பரம் எல்லாம் ஒன்றல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் மண்டபம் முகாம் துண்டோ, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டோ, பாட்டன் பாட்டி பேதி மருந்து குடித்த கதையோ இருந்தால் கொமெண்டில் எழுதுங்கள், அல்லது உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டேன். மலேரியா காலத்துக் கதை சொல்லக்கூடிய மூத்தவர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதிக்கொள்கிறேன்.